ஆஸ்டின் டவுனும் வெறுங்கால் பந்தாட்டமும்

பெங்களூரில் வாழும் தமிழர் ஒருவரிடம் ஆஸ்டின் டவுனைப் பற்றி விசாரித்தால், மறுமொழியில் கால்பந்தாட்டம் வந்து கலவாமல் இராது. ரிச்மண்ட் டவுன், விவேக் நகர், நீலசந்திரா ஆகிய பகுதிகளை அடுத்து அமைந்த சிறு குடியிருப்பு அது. பாடல் பெற்ற தலமோ பழைய கோட்டையோ அங்கு இல்லை. நெருங்கிய வீடுகளும், குறுகிய தெருக்களும், நந்தன் மைதானம் என்னும் பந்தாட்டத் திடலுமே அதன் அடையாளங்கள். வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இத்தகைய குடியிருப்புகள் புதியன அல்ல. பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் இவற்றின் உடன்பிறப்புகளை நேயர்கள் கண்டிருப்பார்கள். எனினும் இந்த ஆஸ்டின் டவுனை முன்னிட்டு ஒரு பழைய வழக்கை மீண்டும் விசாரிக்க விரும்புகின்றேன். சுயசார்பு என்று நாம் போற்றுவது எதனை? ஏழையின் இல்லாமையைத் தேசத்தின் பெருமையாகக் கொள்வது எவ்வளவு தூரம் நியாயம்?

முதலில் இவ்விடத்துத் தமிழர் வந்த வழியைச் சொல்ல வேண்டும்.

1799-ஆம் ஆண்டு திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்தது. அவ்வூர்க் காய்ச்சல் படைவீரரைப் பெரிதும் வாட்டியது. ஆகவே பெங்களூருக்குக் கிழக்கே, அல்சூரை அடுத்த மேட்டுநிலத்தில் 1809-இல் புதிய பாளையம் நிறுவப்பட்டது. கன்னட மக்கள் அதனைத் 'தண்டு' என்று வழங்கினர். தமிழிலும் தண்டு என்பது படையைக் குறிக்கும் பழஞ்சொல்லே. படை ஓரிடத்தில் தங்கினால் அதன் பின்னால் ஓர் ஊரே வந்து சேரும். குதிரைக்குப் புல் அறுப்போர், துணி வெளுப்போர், கொத்தர், தச்சர், சமையற்காரர், ஆயாக்கள், தோல் தைப்போர் எனப் பல தொழிலினரும் வந்தனர். அவருள் மிகப் பலர் மதராஸ் மாகாணத்து வடாற்காடு, சேலம், செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர். நிலமும் காணியும் இன்றி ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டிருந்த ஆதி திராவிடக் குடும்பங்கள் அவருள் கணிசமாக இருந்தன. 1780-இல் தோன்றிய மதராஸ் பயனியர் படையின் வழிவந்த மதராஸ் சாப்பர்ஸ் படையும் பெங்களூரையே தன் இல்லமாகக் கொண்டது. அப்படையின் வீரரைத் 'தம்பி' என்று அழைப்பது இன்றும் படையில் வழக்கம். பாலம் அமைப்பதும் பாதை வெட்டுவதும் தம்பிமாரின் பணி.

1881-இல் மைசூர் ஆட்சி மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி ஆங்கில ரெசிடெண்டின் ஆளுகையிலேயே நின்றது. எனவே பெங்களூர் என்ற ஒரே பெயரில் இரண்டு நகரங்கள் அருகருகே வளர்ந்தன. பேட்டையில் கன்னடமும் தெலுங்கும் ஒலித்தன. தண்டிலோ தமிழே தெருவின் மொழியாக விளங்கிற்று. 1947 ஜூலை 26-ஆம் நாள் தண்டுப் பகுதி மைசூரிடம் திரும்பியது. 1949-இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. தண்டுத் தமிழன் அயலான் என்ற பேச்சு பின்னாளில் எழுந்தபோது, அவன் பாட்டன் குடியேறிய காலத்தில் அந்நிலம் எவர் ஆளுகையில் இருந்தது என்பதைப் பலரும் நினைவில் கொள்ளவில்லை.

தண்டுக்குள்ளேயும் நிலைகள் பல. துரைமார் பங்களாக்கள் அகன்ற தோட்டங்களின் நடுவே நின்றன. அவர்களுக்கு ஊழியம் செய்தோர் பிளாக்பள்ளி முதலிய கடைவீதிப் பகுதிகளில் இடித்துக்கொண்டு வாழ்ந்தனர். அந்தப் பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜி நகர். 1898-இல் பெங்களூரில் கொள்ளைநோய் பரவியபோதுதான் இந்நெருக்கத்தின் கொடுமை ஆள்வோர் கண்ணில் பட்டது. (நோய் பங்களாவை எட்டிப் பார்த்த பிறகே குடிசையைப் பற்றிய கவலை பிறப்பது உலக வழக்கம் போலும்!) இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதிய குடியிருப்புகள் தோன்றின. பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் முதலியன நடுத்தர வகுப்பினர்க்கும் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்க்கும் ஏற்றவை. மர்பி டவுனும் ஆஸ்டின் டவுனும் உழைக்கும் ஏழைகளுக்காக எழுந்தவை. எல்லாவற்றின் ஈற்றிலும் 'டவுன்' என்ற ஒரே சொல்தான்; ஆயினும் எந்த டவுன் என்று கேட்டவுடனே ஒருவனுடைய வகுப்பை அறிந்துகொள்ள அது போதுமானதாயிருந்தது.

இனிப் பந்தாட்டத்திற்கு வருவோம். ஆங்கிலப் படைப்பிரிவுகள் ஆடிய ஆட்டம் அது. திடலின் ஓரத்தில் நின்று பார்த்த சிறுவர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். கிரிக்கெட்டுக்கு மட்டையும் காலுறையும் வெண்ணிற ஆடையும் தேவை. டென்னிசுக்குச் சங்கமும் சந்தாவும் வேண்டும். பந்தாட்டத்திற்கு ஒரு பந்து போதும். தோற்பந்து வாங்க வகையற்றவர் கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டினர். இவ்வாறு கற்ற பெங்களூர் இளைஞர் விரைவிலேயே நாடறிந்தவராயினர். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை நெடுங்காலம் படைப்பிரிவுகளின் உடைமையாகவே இருந்து வந்தது. 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் என்னும் சங்கம் அதனை வென்றது; மறு ஆண்டும் வென்றது. சந்தோஷ் கோப்பைக்கான மாகாணப் போட்டியில் 1946-47-ஆம் ஆண்டு மைசூர் அணி வங்காளத்தை வென்று வாகை சூடியது. 1952-53-இலும் வங்காளத்தையே வென்றது. மைசூர் அணி என்று பெயர் இருப்பினும் அதன் உயிர்நாடி பெங்களூர்ப் பந்தாட்டமே.

அக்காலத்து ஆட்டக்காரர் பெரும்பாலோர் வெறுங்காலினர். இதற்கொரு பெருமை மிக்க முன்வரலாறு உண்டு. 1911 ஜூலை 29-இல் கல்கத்தாவில் மோகன் பகான் சங்கத்தார் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவினரை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். வென்ற பதினொருவரில் பதின்மர் வெறுங்காலோடு ஆடியவர். பூட்ஸ் அணிந்த ஆட்சியாளரை வெறுங்கால் இந்தியர் வென்ற அச்செய்தி நாடெங்கும் எழுப்பிய கிளர்ச்சி பெரிது. அன்றுமுதல் வெறுங்கால் ஒரு கொடியைப் போல் ஆயிற்று. சுதேசித் துணி, சுதேசி உப்பு என்பவற்றோடு சுதேசிக் காலும் சேர்ந்தது எனலாம்.

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பந்தாட்டம் 1948 ஜூலை 31-இல் லண்டனை அடுத்த இல்போர்டில் பிரான்சுக்கு எதிராக நிகழ்ந்தது. நம்மவருள் எண்மர் வெறுங்காலினர். முதற்பாதியில் பிரான்ஸ் ஒரு கோல் அடித்தது. 70-ஆம் நிமிடத்தில் அதனைச் சமன் செய்தவர் சாரங்கபாணி ராமன், மைசூர் ஆட்டக்காரர். ஒலிம்பிக் களத்தில் இந்தியாவின் முதற் கோல் அதுவே. பெங்களூரின் அகமது கானும் அவ்வணியில் விளங்கினார். இரண்டு பெனால்டி வாய்ப்புகளை நம்மவர் வீணாக்கினர். கடைசி நிமிடத்தில் பிரான்ஸ் மற்றொரு கோல் அடித்து வென்றது. தோற்றாலும் லண்டன் மக்கள் ஆரவாரித்துப் பாராட்டினர். வெறுங்காலோடு ஆடுவது ஏன் என்று கேட்டவர்க்கு அணித்தலைவர் தலிமெரன் ஆவ், 'நாங்கள் ஆடுவது கால்பந்து. நீங்கள் ஆடுவது பூட்ஸ்பந்து' என்று விடையளித்ததாகச் சொல்வதுண்டு. நாகா மக்களில் தோன்றி மருத்துவம் பயின்ற அவருடைய நாவன்மை போற்றத்தக்கது. அயலார் கேள்வியில் ஏளனத்தின் நிழல் இருக்கும்போது அவ்வாறு விடை சொல்வதே தன்மானம்.

ஆனால் அயலார்க்குச் சொல்லும் விடை வேறு. நமக்குள் நாமே சொல்லிக்கொள்ளும் விடை வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் பிழை நேர்ந்தது என்பது என் கருத்து.

வெறுங்கால் ஆட்டத்திற்குச் சில நன்மைகள் உண்டு என்பதை மறுக்க வேண்டா. காய்ந்து இறுகிய தரையில் பந்தின்மேல் விரல்கள் பெறும் ஆளுகை நுட்பமானது. திடீரெனத் திரும்புதலும் எளிது. ஆனால் மழை பெய்து தரை சேறானால் வெறுங்கால் வழுக்கும். பூட்ஸின் அடிக்குமிழ்களோ மண்ணைக் கவ்வும். அக்காலத்துத் தோற்பந்து நீரை உறிஞ்சிக் கல்லைப் போலக் கனக்கும். அதனை விரல் நுனியால் உதைப்பவன் படும் துன்பத்தை உதைத்தவனே அறிவான். இவற்றை நன்கு ஆராய்ந்து, பூட்ஸும் வெறுங்காலும் இரண்டும் கைவசம் இருக்கையில், வெறுங்காலைத் தேர்ந்தவர் எத்தனை பேர்? சிலர் இருந்திருக்கலாம். பலர் தேர்ந்தெடுக்கவே இல்லை. அவர்களிடம் பூட்ஸ் இல்லை. பழக்கம் அதன் பின்னர் வந்தது. பெருமை அதற்கும் பின்னர், அதுவும் பெரும்பாலும் மேடையில் செருப்பும் பூட்ஸும் அணிந்து அமர்ந்திருந்தோர் வாயிலிருந்து வந்தது.

தண்டுத் தமிழருள் ஒரு பகுதியினர்க்கு வெறுங்கால் இன்னொரு பொருளும் உடையது. அவர்தம் முன்னோர் விட்டுவந்த ஊர்களில் ஆதி திராவிடர் செருப்பணிந்து மேல்சாதித் தெருவில் நடத்தல் கூடாது என்ற கொடுமை பல இடங்களில் நிலவியது. தெருவில் நடக்கும் உரிமைக்கே வாதாட வேண்டியிருந்தது. பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லா வகுப்பினர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் மதராஸ் சட்டசபையில் கொண்டுவந்தது 1924-ஆம் ஆண்டிலேதான். இதில் ஓர் எதிர்மாறான உண்மையையும் காண்க. பழைய வடாற்காடு மாவட்டத்து வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்குப் பதப்பட்ட தோல் கப்பலேறிச் சென்று அயல்நாட்டார் காலில் பாதரட்சையாயிற்று. சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டைக் கரைசலிலும் நின்று அத்தோலைப் பதப்படுத்திய ஏழையின் கால் வெறுங்காலாகவே இருந்தது. அவ்வாறான குடியிற் பிறந்த ஒருவனைப் பார்த்து, 'உன் வெறுங்காலே பாரதத்தின் அடையாளம்' என்று புகழ்வதில் அன்பு இருக்கலாம். ஆராய்ச்சி இருப்பதாகத் தோன்றவில்லை.

இங்கே காந்தியடிகள் அரையாடை அணிந்ததை ஒருவர் எடுத்துக்காட்டலாம். அது 1921 செப்டம்பர் 22-இல் நம் மதுரையில் நிகழ்ந்தது. ஆனால் அடிகள் உடையிருந்தும் களைந்தவர். பாரிஸ்டர் உடுப்பை அணிந்து பார்த்து வைத்துவிட்டவர். துறவு வேறு, வறுமை வேறு. முன்னதைத் தானே மேற்கொள்ளலாம். பின்னதை இன்னொருவனுக்கு விரதமாக விதித்தல் முறையன்று. மேலும், காலணி விஷயத்தில் அடிகள் செய்தது என்ன என்பதை நேயர்கள் நினைவுகூர வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் அவரும் அவர் தோழர்களும் செருப்புத் தைக்கக் கற்றனர். உயர்குடியினர் தீண்டத் தயங்கும் தோல்வேலையை அவர் தம் கையால் செய்தார். தம்மைச் சிறையிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்குத் தாம் தைத்த ஒரு ஜோடிச் செருப்பை 1914-இல் பரிசளித்தார். அடிகளின் எழுபதாம் பிறந்தநாளாகிய 1939-ஆம் ஆண்டில் ஸ்மட்ஸ் அதனைத் திருப்பி அனுப்பினார். அத்தகைய பெரியாரின் செருப்பில் நிற்கத் தமக்குத் தகுதி இல்லை என்பது அவர் கருத்து. செருப்பின்றி நடக்கும்படி அடிகள் எவருக்கும் உபதேசிக்கவில்லை; தைத்துக்கொள்ளக் கற்பித்தார். சுயசார்பு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிந்த உரை எனக்குத் தெரியவில்லை.

1951-ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலும் இது விளங்கும். மார்ச் மாதம் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா ஈரானை வென்று பொற்பதக்கம் பெற்றது. நம்மவருள் பலர் வெறுங்காலினர். அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தானே வரைந்து தானே கட்டிய எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் முதன்முதலாக வானில் எழும்பியது. 1940-இல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய தொழிற்சாலை அது. விமானமே செய்யும் நகரத்தில் பந்தாடுவோர்க்குப் பூட்ஸ் இல்லை! நாடு எதனைச் செய்ய வல்லது என்பதற்கும், அதன் பயன் எவர் கால்வரை எட்டியது என்பதற்கும் இடையே இருந்த தொலைவை இது காட்டுகிறது.

மறு ஆண்டு ஹெல்சிங்கி. 1952 ஜூலை 15-இல், குளிர்ந்த வடநாட்டுத் திடலில், இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் பெங்களூர் அகமது கான். கால்கள் விறைத்துப்போன அத்தோல்விக்குப் பின்னர் அகில இந்தியப் பந்தாட்டக் கழகம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. வெறுங்கால் வழக்கு அத்துடன் முடிந்தது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், பூட்ஸ் அணிந்த இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குச் சென்றது. முடிவில் நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் பந்தாட்டத்தில் நம் நாடு அடைந்த உச்சநிலை அதுவே. பயிற்சியாளர் ஹைதராபாத்தின் ரஹீம். ஆடியவருள் மைசூரின் கெம்பையாவும் ஒருவர். பூட்ஸ் அணிந்ததால் அவர்களது இந்தியத்தன்மை குறைந்தது என்று அன்று எவரும் கூறவில்லை.

இடையில் 1950-ஆம் ஆண்டைப் பற்றி ஒரு சொல். பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றும் செல்லவில்லை. வெறுங்காலோடு ஆட உலகக் கழகம் இடங்கொடாததே காரணம் என்று இன்றும் பலர் நம்புகின்றனர். பயணச் செலவு, பயிற்சிக்குக் காலம் போதாமை, தேர்வில் எழுந்த கருத்துவேற்றுமை, ஒலிம்பிக்கையே பெரிதாக எண்ணியமை ஆகியவையே உண்மைக் காரணங்கள் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். பொய்யான கதை ஏன் நிலைத்தது? நிர்வாகிகளின் அசட்டையைச் சொல்வதைக் காட்டிலும் ஆட்டக்காரனின் வெறுங்காலைச் சொல்வது இனிமையாக இருந்தது. ஏழையின் கால், பிறருடைய குறையை மூடும் திரையாகவும் பயன்பட்டது.

விடுதலைக்குப் பின் பெங்களூரில் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ். விமானத் தொழிற்சாலையும் தொலைபேசித் தொழிற்சாலையும் தத்தமக்குப் பந்தாட்ட அணிகளை வைத்திருந்தன. ஆட்டத்தில் வல்ல இளைஞனுக்கு அங்கு வேலை கிடைத்தது. வேலையோடு மாதச் சம்பளமும், மருத்துவ வசதியும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் கிடைத்தன. துரைவீட்டு ஊழியனின் மகன் அரசாங்கத் தொழிலாளியானான். தண்டுப் பகுதிக் குடும்பங்கள் பலவற்றின் உயர்வு இவ்வழியே நிகழ்ந்தது. பந்தாட்டம் அவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர், அது எத்தனை வீடுகளில் அடுப்பெரித்தது என்பதை அறியார்.

அவ்வாறு உழைத்தும் ஆடியும் மைசூருக்குப் பெயர் தேடித் தந்தவர்கள் அந்நாட்டினர் ஆனார்களா? எளிதில் விடை சொல்லத் தக்க கேள்வி அன்று. மாநிலங்கள் மொழிவாரியாக அமைந்த 1956-க்குப் பின் தண்டுத் தமிழன் மொழிச்சிறுபான்மையினன் ஆனான். 1991 டிசம்பரில் காவிரி நீர்ப்பூசலை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை எழுந்தபோது பெரிதும் அடிபட்டவர் கூலிவேலை செய்வோரும் குடிசைவாசிகளுமே. மதில் சூழ்ந்த வீட்டில் இருந்த தமிழர்க்கு அத்தனை துன்பம் நேரவில்லை. 'நீ எந்நாட்டான்' என்ற கேள்வி மாளிகையின் வாயிலில் மெல்ல ஒலிக்கும். குடிசையின் வாயிலில் தடியோடு நிற்கும். இதையும் வகுப்பு மனப்பான்மையின் வரலாற்றிலேயே சேர்க்க வேண்டும். அதே வேளையில் அக்கம்பக்கத்துக் கன்னட மக்கள் தங்களுக்குப் புகலிடம் தந்ததைத் தமிழர் பலர் நன்றியோடு கூறுவதுண்டு. 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையும் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் சில நாள் இடைவெளியில் திறக்கப்பட்டன. வள்ளுவர் சிலை அதற்கு முன்பு பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டே நின்றது.

ஆஸ்டின் டவுனின் பெயர்க் கதையும் இவ்விடத்தில் சுவையானது. ஆங்கிலேயரான ஆஸ்டினின் பெயரை நீக்கி அதற்குக் கிட்டல் நகர் என்று பெயரிட்டனர். கிட்டல் யார்? பெர்டினாண்ட் கிட்டல் ஜெர்மனியில் பிறந்து 1853-இல் பாசல் மிஷன் சார்பில் இந்நாட்டுக்கு வந்தவர். ஏறக்குறைய எழுபதாயிரம் சொற்களைக் கொண்ட கன்னட ஆங்கில அகராதியை இயற்றி 1894-இல் வெளியிட்டவர். கன்னட மண்ணில் பிறவாத அவரைக் கன்னட மக்கள் தம்மவராகவே கொண்டாடுகின்றனர். செய்த தொண்டே அவருக்குக் குடியுரிமைச் சீட்டு. ஓர் அயல்நாட்டார் பெயர் போய் இன்னோர் அயல்நாட்டார் பெயர் வந்ததில் முரண்பாடு காண்போர் உளர். நான் காணவில்லை. ஆனால் அகராதி தொகுத்தவருக்குப் பொருந்தும் அளவுகோல், பாலம் கட்டிய தம்பிக்கும், பந்தாடிக் கோப்பை கொணர்ந்தவனுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? கற்றோர் தொண்டு உடனே கணக்கில் ஏறுகிறது. கைகால் உழைப்பு ஏறத் தாமதமாகிறது. (அங்குள்ள மக்கள் வாயில் இன்றும் ஆஸ்டின் டவுன் என்ற பெயரே வழங்குகிறது என்பது வேறு செய்தி.)

1967-68, 1968-69 ஆகிய இரு ஆண்டுகளிலும் மைசூர் அணி மீண்டும் சந்தோஷ் கோப்பையை வென்றது. மாநிலம் 1973-இல் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. அப்புதிய பெயரில் கோப்பை வருவதற்கு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 2023 மார்ச் 4-ஆம் நாள், சவூதி அரேபியாவின் ரியாத் நகரில், கர்நாடக அணி மேகாலயாவை 3-2 என்று வென்றது. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய வெற்றி அது. நந்தன் மைதானத்தில் மாலைதோறும் சிறுவர் ஆடுகின்றனர். பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இருக்கிறது.